கேள்விக்கு இடம் கொடுங்கள்: கடலூர்க் கல்லூரியின் சொற்பொழிவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், பொதுவாழ்வையும் நீதியையும் பொருளாகக் கொண்ட சொற்பொழிவுத் தொடரை நடத்திவரும் ஆசிரியர் குழுவினருக்கும் வணக்கம்.

நான் மஞ்சக்குப்பத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே, ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டு இருபத்திரண்டு ஆண்டுகளாக மனு எழுதி வருகிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளென்றால் காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு, கணவன் அடித்து விரட்டிய பெண்ணின் ஜீவனாம்சம் என்று அவரவர் சொல்லச் சொல்ல, அதிகாரி ஒரு மூச்சில் படித்துவிடும்படி அதை ஒரு பக்கத்தில் அடக்கித் தருவது என் தொழில். உங்கள் கல்லூரியில் என் மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இப்படி ஒரு தொடர் நடப்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இதுவரை நான்கு சொற்பொழிவுகளுக்கு வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, முதலிலிருந்து முடிவு வரை கேட்டிருக்கிறேன். யாரையும் ஊர்முன் நிறுத்துவது என் எண்ணமில்லை என்பதால் கல்லூரியின் பெயரையும் பேசியவர்களின் பெயர்களையும் இங்கே எழுதவில்லை.

முதலில் இந்தத் தொடருக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சொல்லியாக வேண்டும். முதல் சொற்பொழிவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வேறு எதையோ விளக்கிக்கொண்டு போகும் வழியில், இலவச சட்ட உதவி யார் யாருக்கு உண்டு என்பதை இரண்டே வாக்கியங்களில் சொன்னார். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோரோடு, பேரிடர், வெள்ளம், வறட்சி, தொழிற்சாலைப் பேரழிவு ஆகியவற்றில் சிக்கியவர்களுக்கும் அரசு செலவில் வழக்கறிஞரைப் பெறும் உரிமையை 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் தன் 12 ஆவது பிரிவில் தருகிறது என்றார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலிருந்தும் சோனாங்குப்பத்திலிருந்தும் வந்தவர்களுக்கு மனு எழுதியவன் நான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, கணக்கெடுப்பில் மரம் விட்டுப்போனவர்களுக்கு மாதக்கணக்கில் எழுதினேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் எழுதினேன். நிவாரணம் கேட்டு அத்தனை பேருக்கும் எழுதத் தெரிந்த எனக்கு, அவர்களுக்கு வழக்கறிஞரை இலவசமாகக் கேட்கும் உரிமை இருந்தது தெரியாமல் போயிற்று. அவர்களில் சிலருடைய முகம் இன்னும் நினைவிருக்கிறது. மனு தள்ளுபடியான பிறகு அவர்கள் திரும்ப வந்து 'இனி என்ன செய்யறது?' என்று கேட்டபோது, என்னிடம் பதில் இருந்ததில்லை.

அந்த நாளிலிருந்து, தகுதியுடைய ஒவ்வொருவரிடமும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பற்றிச் சொல்லி, 15100 என்ற உதவி எண்ணை மனுவின் நகலில் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். ஒரு சொற்பொழிவின் இரண்டு வாக்கியங்கள் இந்த மாவட்டத்தில் இவ்வளவு தூரம் போயிருக்கின்றன. உங்கள் தொடரை நான் எவ்வளவு பெரிதாக மதிக்கிறேன் என்பதற்கு இதைவிட வேறு சான்று என்னிடம் இல்லை. அந்த உரிமையோடுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதச் சொற்பொழிவு பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்து, குத்துவிளக்கேற்றி, தமிழ்த்தாய் வாழ்த்து பாடி, வரவேற்புரையும் தலைமையுரையும் முடிந்து, அவருடைய பட்டங்களும் பதவிகளும் மூன்று பக்கங்களில் வாசிக்கப்பட்டு, பொன்னாடையும் நினைவுப் பரிசும் வழங்கப்பட்டபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அவர் ஐம்பது நிமிடம் பேசினார். அருமையான பேச்சு, கைது செய்யப்படும் ஒருவரிடம் அதற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற அரசமைப்பின் 22 ஆவது உறுப்பைப் பற்றிப் பேசியபோது அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. பேச்சு முடியுமுன்னரே, கேள்வி இருப்பவர்கள் துண்டுச்சீட்டில் எழுதித் தரலாம் என்று அறிவித்து, மாணவர்கள் இருவர் வரிசை வரிசையாகச் சீட்டுகளைச் சேகரித்தார்கள். பிறகு நேரமின்மை காரணமாகக் கேள்விகளுக்கு வாய்ப்பில்லை என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் வந்த நன்றியுரை பதினைந்து நிமிடம் நீடித்தது.

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாணவி அந்தச் சீட்டை எழுதியதை நான் பார்த்தேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதி, ஒரு சொல்லை அடித்து, வேறு சொல் போட்டு, மறுபடியும் முதலில் இருந்த சொல்லையே எழுதினாள். என் தொழில் அது என்பதால் கண் தானாக அங்கே போயிற்று. 'ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு என்று அண்ணனைக் கூப்பிட்டுப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தால் அது கைதா, இல்லையா? அப்போது வீட்டில் இருப்பவர்கள் யாரிடம் கேட்க வேண்டும்?' இவ்வளவுதான் கேள்வி. பெயர் எழுதவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என் மகளுக்காக அரங்கிலேயே காத்திருந்தேன். மேடை மேசையில் பிரித்துப் போட்ட பொன்னாடை உறைகளுக்கும் காலியான தேநீர்க் கோப்பைகளுக்கும் நடுவில் அந்தச் சீட்டுகள் மடித்தபடியே கிடந்தன. துப்புரவுப் பணி செய்யும் அம்மா எல்லாவற்றையும் ஒன்றாக வாரிக் கூடையில் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது குப்பைதான்.

நீதியைப் பற்றிய ஒரு கூட்டத்தில் அந்தக் கேள்வியைவிடப் பெரிய பொருள் என்ன இருக்க முடியும் என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். 1993 மார்ச்சில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்து முதனையைச் சேர்ந்த ராசாக்கண்ணு என்ற குறவர் சமூகத்தவரைக் கம்மாபுரம் காவலர்கள் விசாரணைக்கு என்று அழைத்துப் போனார்கள். பிறகு அவர் தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். அவருடைய மனைவி சட்டம் படித்தவர் இல்லை. 'என் வீட்டுக்காரர் எங்கே?' என்ற ஒரே கேள்வியை, கேட்கக்கூடிய இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியைத்தான் வழக்கறிஞர் சந்துரு, பின்னாளில் நீதியரசர் சந்துரு, ஆட்கொணர்வு மனுவாக உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். காவலில் அவர் கொல்லப்பட்டது வெளிவந்தது, காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள், 2006 இல் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. இந்தக் கதையைத் திரையில் பார்த்து நாடே கண்ணீர் விட்டது. அந்த மண்ணிலிருந்து பேருந்தில் வந்துபோகும் பிள்ளைகள் உங்கள் அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆட்கொணர்வு மனு என்பதே ஒரு கேள்விதான்: அந்த ஆள் எங்கே, எந்த அதிகாரத்தில் பிடித்து வைத்திருக்கிறீர்கள்? 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுவதும், பத்து ரூபாய் கட்டணத்தில் எந்தக் குடிமகனும் கேட்கக்கூடிய கேள்வியும், முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டிய கடமையும் சேர்ந்ததுதான். எழுபதுகளின் இறுதியில் திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டதை உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். அது முறையான மனுவா, முத்திரைத் தாள் எங்கே, வழக்கறிஞர் எங்கே என்று கேட்டுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. சிறைச்சுவருக்குள்ளும் அரசமைப்பு செல்லும் என்ற தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். அவர் நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. ஒரு கைதியின் கடிதத்தை உச்ச நீதிமன்றம் எடுத்துப் படித்த நாட்டில், ஒரு மாணவியின் துண்டுச்சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நீதியைப் பற்றிய கூட்டம் முடிந்துவிடக் கூடாது.

எனவே என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு சொற்பொழிவிலும், பேச்சுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரத்தைக் கேள்விக்கும் ஒதுக்குங்கள். அதை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். சிறப்பு விருந்தினரை அழைக்கும்போதே இதைச் சொல்லி அவருடைய இசைவைப் பெறுங்கள். நேரம் போதாமல் போனால் வரவேற்புரையைச் சுருக்குங்கள், பட்டங்களை வாசிக்காமல் அச்சிட்டுக் கொடுங்கள், பொன்னாடையை நிகழ்ச்சி முடிந்த பிறகு போர்த்துங்கள். கேள்வி நேரத்திலிருந்து மட்டும் ஒரு நிமிடத்தையும் எடுக்காதீர்கள். இதைத் தவிர இம்மடலில் நான் எழுதும் மற்றதெல்லாம் இந்த ஒன்று ஒழுங்காக நடப்பதற்குத் தேவையானவை.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டால் யாராவது எழுந்து கட்சி அரசியல் பேசுவார், அல்லது தன் சொந்த வழக்கைச் சொல்லத் தொடங்கி முடிக்கவே மாட்டார், அழைத்து வந்த பெரியவருக்குச் சங்கடமாகிவிடும் என்று பேராசிரியர் ஒருவர் என் மகளிடம் சொன்னாராம். சொந்த வழக்கைச் சொல்வார்கள் என்பது உண்மைதான். என்னிடம் வருபவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் தொடங்கி, பங்காளி போட்ட வேலி, தாசில்தார் அலுவலகத்துக்கு நடந்த நடை, சர்வேயர் வருகிறேன் என்று சொல்லி வராத தேதிகள் என்று அரை மணி நேரம் சொல்வார்கள். அதற்குள் ஒரு கேள்வி இருக்கும்: நிலத்தை அளக்கக் கட்டணம் செலுத்திய பிறகு எத்தனை நாளில் அளந்து தர வேண்டும், தராவிட்டால் யாரிடம் மேல்முறையீடு செய்வது? அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. மாவட்டத்தில் பல்லாயிரம் பேருக்கு அதே கேள்வி இருக்கிறது. சொந்தக் கதையிலிருந்து பொதுக் கேள்வியைப் பிரித்தெடுப்பது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. சொற்பொழிவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக அரங்கின் தாழ்வாரத்தில் நான்கு மேசைகளைப் போட்டு, ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மாணவர்களை உட்கார வைத்து, கேள்வி கேட்க விரும்புபவர்களிடம் பேசி, இரண்டு வரியில் அதை எழுதித் தர உதவச் செய்யுங்கள். அந்த மாணவர்களுக்கு இதைப் பழக்கித் தர நான் இரண்டு சனிக்கிழமைகள் வரத் தயார்; எனக்கு ஊதியம் எதுவும் வேண்டாம். அதே தாழ்வாரத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்களுக்கும் ஒரு மேசை போட்டுவிட்டால், அரங்கில் பதில் கிடைக்க முடியாத சொந்த வழக்குகள் அங்கேயே வழி கண்டுகொள்ளும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு சொற்பொழிவுகளில் இரண்டு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. வெளிமாநிலத்திலிருந்து வருபவர் ஆங்கிலத்தில் பேசுவதில் தவறில்லை. ஆனால் அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து, தங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வருகைப் பதிவுக்காக வரிசையாக அழைத்து வரப்பட்டு, புரியாத மொழியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்கள் எந்தக் கேள்வியை எழுதியிருக்க முடியும்? புரிந்தால்தானே கேட்க முடியும். நீதியின் மொழி நமக்குப் புரியாமல் இருப்பது ஏற்கெனவே நம் பெரிய துன்பங்களில் ஒன்று. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 348 ஆவது உறுப்பின்படி ஆங்கிலம்தான். அங்கும் தமிழ் வேண்டும் என்று தமிழ்நாடு சட்டப்பேரவை 2006 இல் தீர்மானம் நிறைவேற்றியது. 2012 இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இசையவில்லை.

இதன் விலையை நான் என் மேசையில் பார்க்கிறேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்; அறுபது வயதிருக்கும். துணிக்கடைப் பையை நான்காக மடித்து அதற்குள் ஒரு தாள் வைத்திருந்தார். உயர் நீதிமன்ற உத்தரவின் நகல். 'கேசு தோத்துப் போச்சு, புதுசா மனு எழுதிக் கொடுப்பா' என்றார். எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் உத்தரவுகளின் கடைசிப் பத்தியைப் படிக்கக் கற்று வைத்திருக்கிறேன். அவருடைய கோரிக்கையைப் பரிசீலித்து பன்னிரண்டு வாரத்துக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று உரிய அலுவலகத்துக்கு நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அவர் தோற்கவே இல்லை. அந்தத் தாளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பதே தெரியாமல் ஐந்து மாதம் பையில் வைத்திருந்தார். நான் படித்துச் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. ஐந்து மாதத்தை விரல் விட்டு எண்ணிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

அதனால்தான், ஆங்கிலத்தில் பேசுபவர் வரும் நாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, பேசியதைத் தமிழில் சுருக்கிச் சொல்ல ஓர் ஆசிரியரை மேடையில் நிறுத்துங்கள் என்று கேட்கிறேன். உங்கள் தமிழ்த்துறையிலும் ஆங்கிலத்துறையிலும் அதைச் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கேள்விகள் தமிழில் வரட்டும். பதிலையும் தமிழில் சொல்லட்டும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யாரிடம் போக வேண்டும் என்பது மட்டும் ஒரு பக்கத்தில் அச்சாகி, வெளியே போகும்போது கையில் கிடைக்கட்டும்.

மேடையில் யார் அமர்வது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரியவர்களை அழைத்து வருவது நல்லது. அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்தில் பொதுவாழ்வு வேறெங்கோ இருந்து வர வேண்டிய பொருளாக இருந்ததில்லை. 1927 இல் சென்னையில், ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய நீலன் சிலைப் போராட்டத்தில் சிறை சென்ற அஞ்சலையம்மாள் நம் முதுநகரைச் சேர்ந்தவர். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் பன்னிருவர் 1936 ஜூலை 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டது, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில். அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பகுதி மக்கள், தங்கள் ஊரில் வீசும் நாற்றம் என்னவென்று கேட்டுக் கேட்டுப் பதில் கிடைக்காமல், தாங்களே பயிற்சி பெற்று, பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து, எந்த மாதிரி வாடை என்று குறித்து வைத்தார்கள். அழுகிய முட்டை வாடைக்கும் நகப்பூச்சு வாடைக்கும் வேறுபாடு தெரிந்து எழுதிய அந்தக் குறிப்பேடு எத்தனை சட்டப் புத்தகத்துக்குச் சமம் என்று எனக்குத் தெரியும். ஆதாரமில்லாத மனு எப்படிப் போகும் என்பதை நாள்தோறும் பார்ப்பவன் நான். சுற்றுச்சூழல் சட்டத்தைப் பற்றிப் பேச அறிஞர் ஒருவர் வரும் நாளில், முதல் கேள்வியைக் கேட்க இவர்களில் ஒருவரை அழையுங்கள். அந்த அறிஞருக்கும் அது மறக்க முடியாத நாளாக இருக்கும்.

கடைசியாக, வாயில். பொதுமக்கள் அனைவரும் வருக என்று சுவரொட்டியில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் காவலாளி என்னை நிறுத்தி அழைப்பிதழ் கேட்கிறார். மகள் வெளியே வந்து கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. மகள் படிக்காத ஊர்க்காரர் திரும்பிப் போய்விடுவார். கெடிலம் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீதிமன்றத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்து காலணி தேய்ந்தவர்கள் ஏராளம். பின்வரிசையில் ஐம்பது நாற்காலிகள் எப்போதும் காலியாகத்தான் இருக்கின்றன. அவற்றை அவர்களுக்கு ஒதுக்கி, அந்தச் செய்தியைக் காவலாளிக்கும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த சொற்பொழிவு நிர்வாகத்தின் பொறுப்புகளைப் பற்றியது என்று அறிவிப்புப் பலகையில் பார்த்ததாக மகள் சொன்னாள். அன்று நான் குறிஞ்சிப்பாடி அம்மாவை அழைத்து வருகிறேன். நீதிமன்றம் பன்னிரண்டு வாரம் என்று சொன்ன பிறகும் அலுவலகம் அசையாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவர் கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று இப்போதே என் மேசையில் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கிறார்; இரண்டு முறை சொன்னதில் இரண்டாம் முறை நன்றாக வந்தது. அவரிடம் அழைப்பிதழ் இருக்காது. துணிக்கடைப் பையில் அந்த நகல் மட்டும் இருக்கும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மனு எழுதுபவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.